ஹேர்மிஸ் மூழ்கிய நாளும் அமெரிக்கா கடல் கடந்த கதையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் கடந்த ஞாயிறு இதழில், மட்டக்களப்பின் கல்லடிக் கடலின் அடியில் கிடக்கும் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். ஏப்ரல் பிறந்தால் யாராவது ஒருவர் இந்தக் கப்பலை நினைவூட்டுவது நல்ல வழக்கம். அதற்காகக் கட்டுரையாளருக்கும் உங்களுக்கும் என் நன்றி. ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு படிப்பித்தவன் என்ற முறையில், அதில் இருந்த இரண்டு பிழைகளைச் சுட்டிக்காட்டாமல் இருக்க மனம் இடங்கொடுக்கவில்லை. ஒன்று சிறியது, சில வரிகளில் திருத்திவிடலாம். மற்றது நமது பாடநூல்களிலும் ரியூசன் கொப்பிகளிலும் வேரோடிப்போனது என்பதால் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள வேண்டும்.

சிறியதை முதலில் முடித்துவிடுகிறேன். ‘ஹேர்மிஸ்’ தன் விமானங்களோடு மூழ்கியது என்று கட்டுரை கூறுகிறது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலையில் அது தாக்கப்பட்டபோது அதன் மேற்தளத்தில் விமானம் ஒன்றுகூட இருக்கவில்லை. திருகோணமலைக்குத் தாக்குதல் வரப்போகிறது என்ற தகவல் கிடைத்ததும் முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுக் கிளம்பி, கரையோரமாகத் தெற்கே ஓடி, பிறகு திருகோணமலைக்குத் திரும்பும் வழியில்தான் அது மட்டக்களப்புக்கு நேரே அகப்பட்டுக்கொண்டது. விமானங்களைத் தாங்கவென்றே கட்டிய கப்பல், ஒரு விமானமும் இல்லாமல், வானில் காவலும் இல்லாமல், எண்பதுக்கு மேற்பட்ட யப்பானியக் குண்டுவீச்சு விமானங்களின் முன்னால் நின்றது. அரை மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை. 307 பேர் அதனோடு போயினர். அதிலும் அதற்குத் துணையாக வந்த ‘வம்பயர்’ கப்பலிலும் இருந்து தப்பிக் கடலில் தத்தளித்த சுமார் 600 பேரை ‘வீட்டா’ என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏற்றிக்கொண்டது. என் தகப்பனாருக்கு அப்போது பதினொரு வயது. கடல் பக்கமிருந்து வந்த முழக்கத்தைச் சித்திரை மாதத்து இடி என்றே வீட்டில் நினைத்தார்களாம். அவித்துக் காயப்போட்டிருந்த நெல்லை அள்ளச் சொல்லித் தாயார் சத்தம் போட, பாயைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் ஒரு துண்டு முகில்கூட இல்லை என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பார்.

இனிப் பெரிய பிழைக்கு வருகிறேன். “தன்பாட்டில் ஒதுங்கியிருந்த அமெரிக்காவைப் பேர்ள் துறைமுகத்தில் விழுந்த குண்டுகளே உலகப் போருக்குள் இழுத்து வந்தன” என்ற கருத்தில் ஒரு வசனம் அந்தக் கட்டுரையில் வருகிறது. பலரும் பல காலமாக எழுதிவரும் வசனந்தான். நானே தொடக்க காலத்தில் அப்படித்தான் படிப்பித்தேன். ஆனால், ‘ஹேர்மிஸ்’ மூழ்கிய அதே ஏப்ரல் 9 ஆம் திகதி, பிலிப்பைன்ஸ் தீவுகளிலுள்ள பட்டான் குடாநாட்டில், ஏறத்தாழ 75,000 பேர் கொண்ட அமெரிக்க, பிலிப்பினோப் படை யப்பானியரிடம் சரணடைந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிலிப்பினோக்கள். அங்கிருந்து சிறைமுகாம் நோக்கி நூறு கிலோமீற்றர் அளவு தூரம் பட்டினியோடு நடத்திச் செல்லப்பட்டபோது ஆயிரக்கணக்கில் வழியிலேயே விழுந்து இறந்தனர். எங்கள் கடலில் ஒரு கப்பலும் அங்கே ஒரு படையும் ஒரே நாளில் போயின என்பது தற்செயல்தான். ஆனால் அந்தப் படை அங்கே எப்படி வந்தது, 1941 டிசம்பரில் யப்பானியர் தாக்கிய, ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ள் துறைமுகம் அமெரிக்காவின் துறைமுகமாக எப்போது ஆனது என்ற கேள்விகளைக் கட்டுரையாளர் கேட்டிருந்தால் அந்த வசனத்தை எழுதியிருக்கமாட்டார். ஒதுங்கியிருப்பவன் அடுத்தவன் வளவுக்குள் வேலி போட்டுக்கொண்டு இருப்பதில்லை.

நமது பிள்ளைகளின் பாடத்தில் அமெரிக்கா இரண்டு தடவை வருகிறது. முதலில், பிரித்தானியாவை எதிர்த்துச் சுதந்திரம் பெற்ற நாடாக 1776 இல் வருகிறது. பிறகு, முதலாம் உலக யுத்தத்தில் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த நாடாக 1917 இல் வருகிறது. இடையில் உள்ள 140 ஆண்டுகளும் வெற்றிடம். என் பேரன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். அவனுடைய கொப்பியில் ‘அமெரிக்கா யுத்தத்தில் பிரவேசித்தமைக்கான காரணங்கள்’ என்று சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்ட தலைப்பின் கீழ் மூன்று வரிகள் இருக்கின்றன: லூசித்தானியாக் கப்பல், நீர்மூழ்கித் தாக்குதல், சிம்மர்மன் தந்தி. மூன்றும் சரியானவை. ஆனால் அந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு பெரிய கதை நடந்து முடிந்திருந்தது.

அந்தக் கதைக்கு நிலக்கரியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். பாய்மரக் கப்பலுக்குக் காற்று போதும். எந்த நாட்டுக் காற்றாயினும் காற்றுத்தான். நீராவிக் கப்பல் வந்தபிறகு, சில ஆயிரம் கடல்மைல் ஓடியதும் அடுப்புக்கு நிலக்கரி நிரப்பியாக வேண்டும். யுத்தம் என்று வந்துவிட்டால், நடுநிலை நாடுகள் தம் துறைமுகங்களில் யுத்தக் கப்பல்களைத் தங்கவும் தாராளமாக நிலக்கரி ஏற்றவும் விடமாட்டா. ஆகவே தூரக்கடலில் கப்பற்படை வைத்திருக்க விரும்பும் எந்த நாடும் வழிநெடுக நிலக்கரி நிலையங்களைத் தனக்கென்று வைத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படை அதிகாரியான அல்பிரட் மஹான் 1890 ஆம் ஆண்டளவில் வலியுறுத்தி எழுதிய கருத்தின் சாரம் இதுதான்: பெருவணிகம் வேண்டுமானால் கப்பல் வேண்டும், கப்பலுக்குக் காவலாகக் கடற்படை வேண்டும், கடற்படைக்குத் தளங்கள் வேண்டும். திருகோணமலையை வைத்து நூற்றைம்பது ஆண்டுகள் கட்டியாளப்பட்ட மாகாணத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கா மஹானுக்காகக் காத்திருக்கவும் இல்லை. 1856 இலேயே, யாருக்கும் சொந்தமில்லாத தீவொன்றில் பறவை எச்சம் குவிந்திருக்கக் கண்ட அமெரிக்கர், தம் நாட்டின் பெயரால் அதை உரிமைகோரலாம் என்று ஒரு சட்டம் செய்தார்கள். எச்சம் அன்று விலையுயர்ந்த பசளை. 1867 இல் உரூசியாவிடமிருந்து அலாஸ்காவை 72 இலட்சம் டொலருக்கு வாங்கினார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பசிபிக்கின் நடுவே, மனிதர் வாழாத மணல்திட்டான மிட்வே தீவில் ஓர் அமெரிக்கக் கப்பற் கப்தான் கொடியேற்றினார். அந்தப் பெயரை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டுகிறேன். சமோவாவின் பாகோ பாகோத் துறைமுகத்தைப் பயன்படுத்தும் உரிமை 1878 இல் கிடைத்தது.

ஹவாயின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அது ஓர் இராச்சியம். அதற்கு மன்னரும் சட்டசபையும் வெளிநாட்டு ஒப்பந்தங்களும் இருந்தன. மிஷனரிமாராக வந்தவர்களின் பிள்ளைகளும் வியாபாரிகளும் அங்கே கரும்புத் தோட்ட முதலாளிகளாக மாறினர். 1875 இன் ஒப்பந்தத்தால் ஹவாய்ச் சீனி தீர்வையின்றி அமெரிக்காவுக்குள் போகத் தொடங்கியது. அது புதுப்பிக்கப்பட்ட 1887 இல், பேர்ள் துறைமுகத்தைத் தனக்கு மட்டுமே உரிய நிலக்கரி நிலையமாகப் பயன்படுத்தும் உரிமையை அமெரிக்கா பெற்றுக்கொண்டது. சீனிக்குச் சலுகை, சலுகைக்குத் துறைமுகம். அதே ஆண்டில், ஆயுதம் ஏந்திய தோட்டக்காரர் கூட்டம் மன்னரை மிரட்டி, அவருடைய அதிகாரத்தைப் பறிக்கும் யாப்பொன்றில் கையொப்பம் வாங்கியது. 1890 இல் அமெரிக்கா தன் தீர்வைச் சட்டத்தை மாற்றியதும் ஹவாய்ச் சீனியின் சலுகை பயனற்றுப் போயிற்று. நாட்டையே அமெரிக்காவோடு சேர்த்துவிட்டால் தொல்லை தீரும் என்று முதலாளிமார் எண்ணினார்கள். 1893 சனவரி 17 ஆம் திகதி லிலியுவொக்கலானி மகாராணி கவிழ்க்கப்பட்டபோது, ‘பொஸ்டன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து இறங்கிய 160 பேருக்கு மேற்பட்ட படையினர் அரண்மனைக்கு அருகே நின்றனர். ஒரு குண்டும் சுடத் தேவைப்படவில்லை, நின்றதே போதுமாயிருந்தது.

நியாயம் பேசவும் அங்கே ஆள் இருந்தார். அடுத்து ஜனாதிபதியான குரோவர் கிளீவ்லண்ட் இணைப்பு ஒப்பந்தத்தை மீளப்பெற்று, விசாரணை நடத்தி, நடந்தது தவறு என்று ஏற்றார். ஆனால் மகாராணியின் முடியைத் திருப்பிக் கொடுக்க அவரால் முடியவில்லை. 1897 இல், பூர்வீக ஹவாய் மக்களின் மொத்தத் தொகையே 40,000 அளவில் இருந்த காலத்தில், இணைப்பு வேண்டாம் என்று 21,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு வாஷிங்டனுக்குப் போனது. செனட் சபையில் ஒப்பந்தத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைக்கவில்லை. அதனால் 1898 யூலையில், சாதாரண பெரும்பான்மையே போதுமான ‘கூட்டுத் தீர்மானம்’ என்ற குறுக்குவழியால் ஹவாய் இணைக்கப்பட்டது. யப்பானியக் குண்டு பின்னர் விழுந்தது அந்தத் துறைமுகத்தில்தான்.

1898 இல் அவசரம் ஏன் வந்தது? கியூபா ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்திருந்தது. பெப்ரவரி 15 ஆம் திகதி ஹவானாத் துறைமுகத்தில் நின்ற ‘மெய்ன்’ என்ற அமெரிக்கக் கப்பல் வெடித்து 260க்கு மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர். ஸ்பெயின்தான் செய்தது என்று பத்திரிகைகள் கூச்சலிட்டன. 1976 இல் அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ஒருவர் மீளாய்வு செய்தபோது, கப்பலின் சொந்த நிலக்கரி அறையில் பற்றிய தீயே காரணமாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். பத்திரிகைக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சொல்வது சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அந்தச் சண்டையை மூட்டியதில் செய்தித்தாள்களுக்குச் சிறு பங்கல்ல.

கியூபாவின் விடுதலைக்கென்று தொடங்கிய யுத்தத்தின் முதற் பெருஞ்சமர் உலகின் மறுபக்கத்தில் மணிலாக் குடாவில் நடந்தது. ஹொங்கொங்கில் நின்ற அமெரிக்கத் தளபதி ஜோர்ஜ் டூயியை, யுத்தம் அறிவிக்கப்பட்டதும், நடுநிலை வகித்த பிரித்தானியர் துறைமுகத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள். நிலக்கரி ஏற்றிய ஒரு கப்பலை முன்கூட்டியே விலைக்கு வாங்கி வைத்திருந்த அவருக்கு, ஆசியாவில் அண்டிப் போகச் சொந்தத் துறைமுகம் ஒன்றும் இல்லை. மே முதலாம் திகதி காலை ஸ்பானியக் கப்பல்களை அழித்து மணிலாக் குடாவைப் பிடித்தார். அடுத்த மாதம் குவாம் தீவுக்குச் சென்ற அமெரிக்கக் கப்பல் கோட்டையை நோக்கிச் சுட்டபோது, யுத்தம் தொடங்கிய செய்தியே எட்டாத ஸ்பானிய அதிகாரிகள் அதை மரியாதை வேட்டு என்று நினைத்துப் படகில் வந்து, பதில் வேட்டுப் போடத் தம்மிடம் மருந்து இல்லையென்று மன்னிப்புக் கேட்டார்களாம். வகுப்பில் பிள்ளைகள் ஒருபோதும் மறக்காத சம்பவம் இது.

பிலிப்பைன்ஸில் நடந்ததில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஸ்பெயினை எதிர்த்துப் போராடி நாடுகடத்தப்பட்டிருந்த எமிலியோ அகினால்டோவை மே மாதத்தில் அமெரிக்கக் கப்பலே திருப்பிக் கொண்டுவந்து இறக்கியது. அவர் யூன் 12 ஆம் திகதி சுதந்திரப் பிரகடனம் செய்து, மணிலாவைத் தரைப்பக்கமாக முற்றுகையிட்டார். ஓகஸ்டில் ஸ்பானியரும் அமெரிக்கரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒரு பொய்ச்சமர் நடத்தினார்கள். அதன் முடிவில் நகரம் அமெரிக்கரின் கைக்கு மாறியது. முற்றுகையிட்டு நின்ற பிலிப்பினோப் போராளிகள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். டிசம்பர் 10 ஆம் திகதி பாரிஸ் நகரில் எழுதிய ஒப்பந்தத்தில் இரண்டு கோடி டொலருக்கு அந்தத் தீவுகள் கைமாறின. போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் கூடவே வந்தன. அந்த மேசையில் ஒரு பிலிப்பினோவுக்கும் கதிரை போடப்படவில்லை. செனட் சபை 1899 பெப்ரவரி 6 ஆம் திகதி 57க்கு 27 என்ற வாக்கில் அதை ஏற்றது. அதற்கு இரண்டு நாள் முன்பே மணிலாவில் துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்கிவிட்டன.

மூன்றாண்டுகள் நீடித்த அந்தப் போரில் 4,200க்கு மேற்பட்ட அமெரிக்கரும் 20,000க்கு மேற்பட்ட பிலிப்பினோப் போராளிகளும் இறந்தனர். வன்முறையாலும் பஞ்சத்தாலும் நோயாலும் இறந்த பொதுமக்களின் தொகை இரண்டு இலட்சம் வரை இருக்கலாம். இது அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் வரலாற்றுப் பிரிவே தரும் கணக்கு. பத்தாங்காஸ் மாகாணத்தில் கிராமத்தவரை வேலிக்குள் அடைத்து, வெளியே கிடந்த வயலையும் களஞ்சியத்தையும் எரித்தார்கள். சாமார் தீவில், பத்து வயதுக்கு மேற்பட்ட எவரையும் கொல்லலாம் என்று கட்டளையிட்ட தளபதி ஒருவர் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, கண்டனத்தோடு ஓய்வுக்கு அனுப்பப்பட்டார். தெற்கிலிருந்த முஸ்லிம்களோடு சண்டை 1913 வரை ஓயவில்லை. 1906 இல் ஜோலோத் தீவில் புட் டாஜோ என்ற எரிமலை வாயினுள் தஞ்சம் புகுந்த நூற்றுக்கணக்கானோர், பெண்களும் பிள்ளைகளும் உட்படக் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பு வாவியின் இருபுறத்திலுமுள்ள எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழ்ந்து, முகாம் என்ற சொல்லின் பொருளை அறிந்த எவரும் இந்த வரிகளை வேகமாக வாசித்துவிட்டுப் போக முடியாது.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது என்பதை ஆசிரியன் என்ற வகையில் சொல்லியாக வேண்டும். 1901 இல் ‘தோமஸ்’ என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்திறங்கி, தீவுகளெங்கும் பரவிப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தார்கள். அவர்களில் பலர் மனதார உழைத்தவர்கள் என்றே நம்புகிறேன். அமெரிக்காவுக்குள்ளேயும் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம் என்று ஓர் அமைப்பு 1898 இல் எழுந்தது. எழுத்தாளர் மார்க் டுவெயினும் உருக்குச் செல்வந்தர் அன்ட்ரூ கார்னகியும் அதில் இருந்தனர். “அமெரிக்கா செய்தது” என்று நாம் ஒரே சொல்லில் எழுதும்போது இவர்களையும் சேர்த்துக் குற்றவாளியாக்கிவிடுகிறோம்.

கரிபியன் பக்கத்தை விரைவாகவே கடக்கிறேன். கியூபாவைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று யுத்தத்துக்கு முன் கொடுத்த வாக்கு, எழுத்தளவில் காப்பாற்றப்பட்டது. ஆனால் வேண்டியபோது தலையிடும் உரிமையைக் கியூபாவின் யாப்பிலேயே 1901 இல் எழுதுவித்து, 1903 இல் குவாந்தானாமோக் குடாவைக் கடற்படைத் தளமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார்கள். அது இன்றும் அவர்கள் கையில். அதே 1903 இல் கொலம்பியாவிலிருந்து பனாமா பிரிந்தபோது அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அருகே நின்றன. கால்வாய் 1914 ஓகஸ்ட் 15 இல் திறக்கப்பட்டபோது ஐரோப்பா யுத்தத்தில் இறங்கி இரண்டு கிழமைகள் ஆகியிருந்தன. நிக்கரகுவாவில் 1912 இலும் ஹெயிட்டியில் 1915 இலும் டொமினிக்கன் குடியரசில் 1916 இலும் அமெரிக்கப் படைகள் இறங்கின.

இந்தப் புதிய கடல்வல்லமை நம் நாட்டுக்கும் வந்து முகம் காட்டிப் போயிருக்கிறது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் உலகைச் சுற்றிவர அனுப்பிய 16 போர்க்கப்பல்கள், எல்லாம் வெள்ளைப் பூச்சுப் பூசியவை, 1908 டிசம்பரில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கிழமை நின்றன. அதற்கு முன்பு அவை யப்பானுக்கும் போயிருந்தன. அந்தப் பயணத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று அதுதான். வேடிக்கை என்னவெனில், அந்தக் கப்பல்களுக்கான நிலக்கரியின் பெரும்பகுதியைக் கூலிக்குப் பிடித்த வெளிநாட்டு, பெரும்பாலும் பிரித்தானிய, கப்பல்களே சுமந்துகொண்டு பின்னால் ஓடின.

ஆக, 1914 இல் யுத்தம் வெடித்தபோது அமெரிக்கா ஒதுங்கியிருந்தது என்பதன் பொருள், ஐரோப்பாவின் பதுங்குகுழிகளில் அதற்குப் படை இல்லை என்பது மட்டுமே. நமக்கு அந்த யுத்தம் ‘எம்டன்’ என்ற ஒரே சொல்லாக மிஞ்சியிருக்கிறது. சென்னையில் குண்டு போட்டு, இலங்கைக்கு அண்மையிலும் கப்பல்களை மறித்துப் பிடித்த அந்த ஜேர்மன் கப்பலின் பெயரால் இன்றும் சூழ்ச்சிக்காரனை ‘ஆள் சரியான எம்டன்’ என்கிறோம். அமெரிக்காவுக்கோ அந்த யுத்தம் முதலில் ஒரு கொடுக்கல் வாங்கலாக வந்தது. 1917 ஏப்ரல் வரையில் நேசநாடுகளுக்குக் கொடுத்த கடன் ஏறத்தாழ 230 கோடி டொலர். ஜேர்மனிக்குக் கொடுத்தது மூன்று கோடியையும் எட்டவில்லை. கடன் வாங்கியவர்கள் தோற்றுவிடக் கூடாதே என்ற கவலை மட்டுமே யுத்தத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. 1915 மே 7 இல் ஜேர்மன் நீர்மூழ்கியின் தாக்குதலில் ‘லூசித்தானியா’ என்ற பயணிகள் கப்பல் மூழ்கியபோது இறந்த 1,198 பேரில் 128 பேர் அமெரிக்கர். அதன் பிறகும் வூட்ரோ வில்சன் இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தார். “யுத்தத்திலிருந்து எங்களை விலக்கி வைத்தவர்” என்ற கோஷத்தோடுதான் 1916 இல் மறுபடி வென்றார். 1917 பெப்ரவரி முதலாம் திகதி முதல் எந்தக் கப்பலையும் எச்சரிக்கையின்றித் தாக்குவோம் என்று ஜேர்மனி இறங்கியதே கடைசிப் பாரம்.

பேரனின் கொப்பியிலுள்ள மூன்றாம் வரியான சிம்மர்மன் தந்தியையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஜேர்மன் வெளிவிவகார அமைச்சர் மெக்சிக்கோவிடம், அமெரிக்காவோடு யுத்தம் மூண்டால் எங்களோடு சேருங்கள், டெக்சாஸ், நியூ மெக்சிக்கோ, அரிசோனா ஆகியவற்றை மீட்டுக்கொள்ள உதவுகிறோம் என்றார். ‘மீட்டுக்கொள்ள’ என்ற சொல்தான் இங்கே முக்கியம். அவை பெரும்பாலும் 1840களில் அமெரிக்காவிடம் மெக்சிக்கோ இழந்த நிலங்கள். தந்தியைப் படித்த மாணவன், அவை முன்பு யாருடையவை என்று கேட்காமல் போவது நமது படிப்பித்தலின் குறை.

இன்னொரு திகதியும் இருக்கிறது. வில்சன் 1917 ஏப்ரல் 2 ஆம் திகதி காங்கிரஸின் முன் நின்று, உலகம் ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக்கப்பட வேண்டும் என்று உரையாற்றினார். அதற்கு இரண்டே நாட்கள் முன்பு, மார்ச் 31 ஆம் திகதி, டென்மார்க்கிடமிருந்து கரிபியனில் மூன்று தீவுகளை இரண்டரைக் கோடி டொலருக்குப் பொறுப்பேற்றிருந்தார்கள். ஜேர்மனியின் கைக்கு அவை போய்விடக் கூடாது, பனாமாக் கால்வாய்க்குப் போகும் வழி காவலில்லாமல் இருக்கக் கூடாது என்பதே வாங்கியதற்குக் காரணம். அங்கு வாழ்ந்த மக்களின் வாக்கு, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தேவைப்படவில்லை. ஹெயிட்டியில் அமெரிக்கப் படை நின்றுகொண்டிருக்க, யுத்தப் பிரகடனம் ஏப்ரல் 4 ஆம் திகதி செனட்டில் 82க்கு 6 என்றும் 6 ஆம் திகதி பிரதிநிதிகள் சபையில் 373க்கு 50 என்றும் நிறைவேறியது. எதிர்த்த ஐம்பதின்மரில் ஒருவர் அச்சபையின் முதற் பெண் உறுப்பினரான ஜனெற் ராங்கின். 1941 டிசம்பரிலும் அவரே, இம்முறை தன்னந்தனியாக, யப்பானுக்கெதிரான யுத்தத்துக்கு எதிராக வாக்களித்தார்.

முதல் யுத்தம் முடிந்ததும் அமெரிக்கா ஒதுங்கிவிட்டது என்பதும் பாதி உண்மைதான். சர்வதேச சங்கத்தில் சேரவில்லை. ஆனால் பிலிப்பைன்ஸை விட்டு வரவுமில்லை, குவாமை விட்டு வரவுமில்லை. 1941 யூலையில் யப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் புகுந்ததும் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. யப்பானுக்கு வேண்டிய எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. மாற்று எண்ணெய் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்தது. அங்கே போகும் கடல்வழியின் விலாப்புறத்தில் அமெரிக்கரின் பிலிப்பைன்ஸ். அதற்கு உதவிக்கு வரக்கூடிய கப்பற்படை, கலிபோர்னியாவிலிருந்து 1940 இல் முன்நகர்த்தப்பட்டு, பேர்ள் துறைமுகத்தில். ஆகவே யப்பான் இரண்டையும் சில மணித்தியால இடைவெளியில் தாக்கியது. பேர்ள் துறைமுகத்தில் இறந்த 2,403 பேரின் சாவை இது எந்த வகையிலும் நியாயப்படுத்தாது. சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் யப்பானியப் படை செய்த கொடுமைகளுக்கு மன்னிப்பும் இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: 1941 இல் யுத்தம் தாக்கிய இடங்கள், 1898 இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த இடங்கள்.

மனதில் வைக்கச் சொன்ன மிட்வேக்கு இப்போது திரும்புவோம். ‘ஹேர்மிஸ்’ஸைத் தாக்கிய விமானங்கள் கிளம்பிவந்த ஐந்து யப்பானிய விமானந்தாங்கிகளும் நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்துக்குப் போனவையே. அவற்றுள் அகாகி, சொரியு, ஹிரியு என்ற மூன்றும், எங்கள் கடலை விட்டுப் போய்ச் சரியாக எட்டுக் கிழமைகளில், யூன் 4 ஆம் திகதி தொடங்கிய சமரில், மிட்வேயை அண்டிய கடலில் அமெரிக்க விமானங்களால் அழிந்தன. 1867 இல் மணல்திட்டில் நட்ட கொடிக்கும் முகத்துவாரம் வெளிச்சவீட்டிலிருந்து பார்க்கக்கூடிய கடலுக்கும் இடையில் இப்படி ஒரு நூல் ஓடுகிறது.

இதை அமெரிக்கரைத் தூற்றும் கடிதமாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்து, எங்கள் தமிழைக் கற்று, மட்டக்களப்பு மாணவருக்குக் கூடைப்பந்தும் கணிதமும் பழக்கி, மிகக் கெட்ட காலங்களிலும் ஊரை விட்டு ஓடாமல் இங்கேயே வாழ்ந்து மறைந்த இயேசு சபைக் குருமாரை நாம் அறிவோம். அவர்களிடம் படித்தவர்களில் நானும் ஒருவன். 1898 ஐப் பற்றி முதன்முதலில் எனக்குச் சொன்னவரும் அவர்களில் ஒருவரே. அவருடைய குரலில் பெருமை இருக்கவில்லை.

கட்டுரை வெளிவந்த மறுநாள் காலை கல்லடிக் கரைக்கு நடக்கப் போனபோது, தோணியின் நிழலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் பத்திரிகையைக் காட்டினேன். கிழிசலைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடியே படத்தைப் பார்த்தார். “மீன் நிறையக் கிடக்கும் சேர், ஆனா அதுக்கு மேல வலையப் போட்டா வலை திரும்பி வராது. தூண்டில்தான் போடலாம்” என்றார். அமெரிக்காவைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் பேசவில்லை.

எனவே ஆசிரியர் அவர்களே, விமானங்களைப் பற்றிய திருத்தத்தையாவது அடுத்த இதழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ‘ஹேர்மிஸ்’ பற்றி எழுதுபவர் எவராயினும், அதே நாளில் பட்டானில் நடந்ததையும் ஒரு பத்தியில் சேர்த்துக்கொண்டால் நன்றாயிருக்கும். இந்தக் கடிதத்தின் முதற்படியைப் பேரனிடம் வாசிக்கக் கொடுத்தபோது, “அம்மப்பா, இதெல்லாம் சோதினையில எழுதலாமா?” என்று கேட்டான். கொப்பியிலுள்ள மூன்று காரணங்களையும் முதலில் எழுது, புள்ளி அதற்குத்தான். நேரம் மிஞ்சினால் 1898 என்று எழுதிவிட்டு எழும்பி வா என்றேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.